கோடரி இல்லாத படம்

இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரைப் பக்கத்து வீடுகளில் செத்துப்போன முதியவர்களின் படங்களைப் பாருங்கள். ஆள் நேரே பார்த்துக்கொண்டிருப்பார், இரண்டு காதும் தெரியும், சிரிப்பு மருந்துக்கும் இராது. அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது. 31 ஆம் நாள் அச்சிடும் நினைவு மலரான கல்வெட்டுக்குப் போட வேறு படம் கிடைக்காமல், அந்த முத்திரை அளவுப் படத்தையே வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்திருப்பார்கள். ஸ்டூடியோக்காரரும் தன் பங்குக்குக் கணினியில் ஒரு கோட்டும் டையும் மாட்டிவிட்டிருப்பார். வாழ்நாள் முழுக்கச் சாரமும் தோளில் துவாயுமாகத் திரிந்த மனிதர், சுவரில் மட்டும் வங்கி முகாமையாளர் போல இருக்கிறார்.

இலங்கையின் வேடர்களைத் தேடிப் போய் எடுத்த படங்கள் வேறு விதம். தாடி, வெறும் மேல், தோளில் சிறு கோடரி, பின்னால் காடு. சுற்றுலாச் சுவரொட்டி, பாடப்புத்தகம், அஞ்சலட்டை எல்லாவற்றிலும் அந்தக் கோடரி உண்டு. அதற்குள் அடங்காத வேடர் ஒருவரை யாராவது காட்டினால், "இவர் உண்மையான வேடர்தானா?" என்று கேட்பார்கள். ஒரு தொல்குடியைப் படத்தால் கொண்டாடப் புறப்படுகிறவருக்கு முதல் சிக்கல் இந்தக் கேள்விதான். மட்டக்களப்புக் கரையில் அது இன்னும் கூர்மையானது. ஏனென்றால் இங்குள்ள வேடர் தமிழ் பேசுகிறார்கள், களப்பில் மீன் பிடிக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் போகிறார்கள்.

மட்டக்களப்புக்கும் மூதூருக்கும் இடைப்பட்ட கரையில் வாழும் இவர்களை ஆய்வாளர்கள் கரையோர வேடர் என்பார்கள். மாங்கேணி, பனிச்சங்கேணி, கதிரவெளி, உள்ளே குஞ்சங்கல்குளம், தெற்கே களுவன்கேணி என்று ஊர்கள் விரியும். சிலர் தங்களை வேடர் என்பார்கள், சிலர் வேட வெள்ளாளர் என்பார்கள், சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். தேன் எடுப்பதும் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்வதும் இறால் பிடிப்பதும் கூலிக்குப் போவதும் ஒரே வீட்டுக்குள் நடக்கும். குமார தெய்வத்துக்குச் சடங்கு வைக்கும்போது கப்புறாளை எனும் பூசாரி சொல்லும் வார்த்தைகளில், அன்றாடத் தமிழில் புழங்காத சொற்கள் இன்னும் வந்து விழும். கோடரியைத் தேடும் கமெராவுக்கு இதில் எதுவும் பிடிபடாது.

அந்தக் கோடரிப் படம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். 1869 இல் இங்கிலாந்தில் உயிரியலாளர் தோமஸ் ஹக்ஸ்லி, பிரித்தானியப் பேரரசின் கீழிருந்த இனங்களை எப்படிப் படமெடுப்பது என்று ஒரு முறை வகுத்தார். ஆடையின்றி நிறுத்து, பக்கத்தில் அளவுகோல் வை, நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடு. அதே காலத்தில் ஜோன் லாம்ப்ரி என்பவர் ஒரு சட்டத்தில் பட்டு நூலை 2 அங்குலக் கட்டங்களாகக் கட்டி, ஆளுக்குப் பின்னால் வைத்துப் படமெடுத்தார். எலும்பின் நீள அகலம் தெரிந்தால் போதும். ஆளின் பெயர் தேவையில்லை. சுவிற்சர்லாந்தின் பாசலைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற சகோதர முறையினர் 1880 களில் இலங்கைக்கு வந்து, 1892-93 இல் வேடர் பற்றி வெளியிட்ட பெரிய நூலிலும் முகங்கள் நேராகவும் பக்கவாட்டிலும் வரிசை கட்டி நிற்கின்றன. இன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் படம் பிடிக்கும் முறையும் இதுவேதான். முறை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை, நோக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிறகு 1907-08 இல் மானிடவியலாளர் சார்ல்ஸ் செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் வந்தார்கள். 1911 இல் கேம்பிரிட்ஜில் வெளியான அவர்களுடைய நூலில்தான் வேடர் ஓரளவுக்குப் பெயரும் ஊரும் உள்ள மனிதர்களாகத் தெரிகிறார்கள். கரையோர வேடர் பற்றியும் அதில் உண்டு. ஆனால் எனக்கு அந்த நூலில் பிடித்தது அவர்களுடைய ஒரு சலிப்பு. வெள்ளைக்கார விருந்தினர் வந்தால் ஆட்களைத் தங்கு விடுதிக்கு அழைத்து வந்து நிறுத்துவார்கள். அவர்களும் இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு வந்து நிற்பார்கள். விருந்தினர் போனதும் அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் உடுத்தும் உடையைப் போட்டுக்கொள்வார்கள். ஆதிமனிதனாக இருப்பதையே தொழிலாக்கிக்கொண்டார்கள் என்ற பொருளில் செலிக்மன் தம்பதி குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது எரிச்சல். எனக்கோ அதில் ஒரு கெட்டித்தனம் தெரிகிறது. கேட்கிறவனுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, தன் வாழ்க்கையைத் தன்னோடு வைத்துக்கொள்வது. அந்த விருந்தினர்கள் எடுத்துப்போன படங்களில் "உண்மையான வேடர்" நிற்கிறார். படம் எடுத்து முடிந்த பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன ஆளை யாரும் எடுக்கவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் எட்வர்ட் கேர்ட்டிஸ் 1907 தொடக்கம் 1930 வரை 20 தொகுதிகளில் அங்குள்ள தொல்குடிகளின் படங்களை வெளியிட்டார். பிடித்த படங்கள் 40,000 க்கு மேல். பேரழகான படங்கள், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. 1910 இல் பிகன் குலத்தார் இருவர் கூடாரத்துக்குள் இருக்கும் ஒரு படம் எடுத்தார். இருவருக்கும் நடுவில் ஒரு மணிக்கூடு இருந்தது. அச்சில் வந்த படத்தில் அந்த மணிக்கூட்டை அழித்துவிட்டார். மணிக்கூடு வைத்திருக்கும் பழங்குடி அவருக்கு ஒத்துவரவில்லை. மறைந்துகொண்டிருக்கும் இனம் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டவருக்கு, நேரம் பார்க்கிற மனிதர் இடைஞ்சல்.

பெருப்பித்த அடையாள அட்டைப் படத்தில் கோட்டைச் சேர்ப்பதும் கேர்ட்டிஸ் மணிக்கூட்டை அழிப்பதும் எதிரெதிர் வேலைகள் போலத் தெரியும். ஸ்டூடியோக்காரர் மேலே தூக்கிவிடப் பார்க்கிறார், கேர்ட்டிஸ் பின்னே தள்ளப் பார்க்கிறார். இரண்டிலும் படத்தில் இருக்கிறவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறைகிறார்கள் என்ற பேச்சுக்கு எங்கள் நாட்டில் குடிசன மதிப்பீடும் துணை நின்றது. 1946 இல் வேடர் 2,361 பேர். 1953 இல் 803. 1963 இல் 400. ஏழே ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்களைக் கொண்டுபோக ஒரு கொள்ளைநோயும் வரவில்லை. தமிழ் பேசியவர் தமிழராகவும் சிங்களம் பேசியவர் சிங்களவராகவும் எழுதப்பட்டார்கள், அவ்வளவுதான். எழுதச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் "வேடன்" என்பது வசைச்சொல்லாக இருக்கும் ஊரில், பிள்ளையின் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லை எழுத எந்தத் தாய் விரும்புவாள்? வாகரைப் பக்கத்து வேடர்களிடையே வேலை செய்த மானிடவியலாளர் யுவி தங்கராஜா, தாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்ற கதையாடல் எப்படி அவர்களின் அடையாளமாகவே ஆனது என்று 1990 களில் எழுதியிருக்கிறார். அப்போது சுனாமி வரவில்லை. 2004 டிசம்பர் 26 அலையும், 2006-07 இல் வாகரையைக் காலி செய்த போரும் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த இரண்டுக்கும் பிறகு இந்தக் கரைக்கு வந்த கமெராக்களை எண்ண முடியாது. அவை உண்டாக்கிய படவகை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் வாங்குபவர், நடுவில் பை. கொடுப்பவர் கமெராவைப் பார்ப்பார், வாங்குபவர் பையைப் பார்ப்பார். பின்னால் பதாகை. பை கைமாறிய பிறகும் விடமாட்டார்கள், "இன்னொருக்காப் பிடிங்க அம்மா" என்று திரும்ப வாங்கித் திரும்பக் கொடுப்பார்கள். இந்தப் படம் வேடருக்கு மட்டும் நடந்ததில்லை. ஆனால் வேடர் என்ற பெயரும் பதாகையில் சேர்ந்துகொண்டால் நிதி கேட்கும் கடிதத்துக்கு அழகு கூடும். ஆகவே அடையாள அட்டைப் படம், கோடரிப் படம், பைப் படம் என்று மூன்று வகை. நின்றவர் கேட்டு எடுத்த படம் இதில் ஒன்றும் கிடையாது.

அம்பாறைப் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. மகா ஓயாவுக்கு அருகே பொல்லேபெத்த, தெகியத்தகண்டியப் பக்கம் ஹெனானிகல என்று சிங்களம் பேசும் வேடர் கிராமங்கள் உண்டு. 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேட்டைக் காடு சட்டத்துக்குப் புறம்பான இடமாகியது. மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தில் வயலும் வீடும் கொடுத்து ஹெனானிகலவில் குடியேற்றினார்கள். காட்டோடு கொடுக்கல் வாங்கல் அறுந்துபோனவரைக் காட்டுக்குள் நிறுத்திப் படமெடுப்பது என்ன கணக்கு என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தம்பானை வேடர்களின் தலைவர் ஊருவரிகே வன்னிலா அத்தோ கோடரியோடு மேடைக்கு வருவதை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அவர் அதை ஒரு கொடியைப் போலத் தெரிந்தே தூக்குகிறார். ஜெனிவா வரை போய்த் தன் மக்களின் காட்டுரிமையைப் பேசியவர் அவர். ஒருவர் தானாக எடுத்துக்கொள்ளும் அடையாளமும், "ஐயா, இதைக் கொஞ்சம் தோளில வையுங்க" என்று நாம் கையில் கொடுக்கும் அடையாளமும் படத்தில் ஒரே மாதிரித்தான் விழும். வித்தியாசம் படத்துக்கு வெளியே இருக்கிறது.

அளிக்கம்பையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அக்கரைப்பற்றுக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரார் தெலுங்கு வழி வந்த குறவர்கள், வேடர் வேறு, இவர்கள் வேறு. ஆனால் அங்கே போகும் கமெராவுக்கும் பாம்பும் குரங்கும்தான் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் முகத்தைப் படமெடுப்பதே தப்பா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பிரதேசத்தில் ஒரு முகப்படத்துக்கு இருக்கும் கனம் வேறெங்கும் இராது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் ஏந்தி நின்றது முகப்படங்களைத்தான். இடம்பெயரும்போது உறுதிப் பத்திரத்தோடும் நகையோடும் சேர்த்துக் கட்டப்பட்டது கலியாணப் படம். சுனாமியில் வீடு போனவர்கள் வருடக் கணக்காகச் சொல்லி அழுததும் "ஒரு படங்கூட மிச்சமில்ல" என்பதைத்தான். படம் எடுக்க வருகிறவர் இந்தப் பசியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மக்கள் படத்தை வெறுக்கவில்லை. திரும்பி வராத படத்தைத்தான் வெறுக்கிறார்கள்.

திரும்பி வரும் படம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் அவுஸ்திரேலியாவில் உண்டு. மானிடவியலாளர் நோர்மன் டின்டேல் 1938-39 இல் அங்குள்ள தொல்குடிக் குடியிருப்புகளுக்குப் போய், ஆட்களை எண் அட்டையோடு நிறுத்திப் படமெடுத்தார். ஹக்ஸ்லி வகுத்த முறையின் பேரப்பிள்ளைகள் போன்ற படங்கள். இன்று அவை அடிலெய்டில் தென் அவுஸ்திரேலிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. வம்சத்தார் எழுதிக் கேட்டுத் தங்கள் முன்னோரின் பிரதியை வாங்கிப் போகிறார்கள். வெர்னன் ஆ கீ என்ற ஓவியர் தன் குடும்பத்தாரின் டின்டேல் படங்களை வைத்துக்கொண்டு, அந்த முகங்களை ஆளுயரக் கரிச் சித்திரங்களாக வரைந்தார். எண் போட்ட ஆள், பேரனின் கையில் மூதாதையாகத் திரும்பி வந்தார். அமெரிக்காவில் சுவினோமிஷ், துலாலிப் குலங்களின் வழிவந்த படப்பிடிப்பாளர் மட்டிகா வில்பர் 2012 இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். அந்த நாட்டு மத்திய அரசு ஏற்றிருந்த குலங்கள் 562 என்பது அவர் கையில் இருந்த கணக்கு. அத்தனையிடமும் போய்ப் படமெடுப்பது என்று புறப்பட்டார். எங்கே நிற்பது, எதை உடுப்பது என்பதைப் படத்தில் வருபவரே சொல்லும்படி விட்டார். கேர்ட்டிஸின் கணக்கை நூறு ஆண்டு கழித்து அந்த மக்களில் ஒருத்தியே தீர்க்கப் புறப்பட்டது போல.

இனி வாகரைக்கு வருவோம். கமெராவோடு போகிறவருக்கு அங்கே கையில் இருப்பது என்ன?

முதலில் வெளிச்சம். கடல் கிழக்கே. காலை ஆறரை மணிக்கு வெயில் தாழ்வாக வந்து முகத்தில் விழும். ஒன்பது மணிக்கு மேல் வெண்மணல் கண்ணைக் கூசவைக்கும், கண்குழி கறுத்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் வெளியே நிற்பதே வேதனை. வீட்டு விறாந்தை நல்ல ஸ்டூடியோ. ஓலைக் கூரைக்குக் கீழே நிழல், முன்னால் மணல் முற்றம். மணலில் பட்ட வெளிச்சம் கீழிருந்து எழும்பி, வயதானவர்களின் முகச்சுருக்கங்களை மெதுவாக நிரப்பும். காசு கொடுத்து வாங்கும் எந்த விளக்கும் இதைச் செய்யாது.

அடுத்தது நிறம், இது விளையாட்டுக் காரியமில்லை. கமெரா தன் முன்னால் உள்ள எல்லாவற்றையும் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் கடலும் மணலும் இருந்தால், கறுத்த முகம் இன்னும் கறுத்துக் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். திரையில் முகம் தெரியும் இடத்தைத் தொட்டு வெளிச்சத்தை அளந்து, பின்னணி வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடவேண்டும். படச்சுருள் காலத்தில் கொடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல பத்தாண்டுகள் வேலை நடந்தது. இன்று கைத்தொலைபேசி கேளாமலேயே தோலை வெளுக்க வைக்கிறது. ஊர் ஸ்டூடியோவிலும் "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க" என்பது வழக்கமான வேண்டுகோள். அதை வேடர் வீட்டுப் பெண்ணே கேட்டால்? நின்றவர் சொற்படி என்று இவ்வளவு நேரம் எழுதிய நான் இந்த இடத்தில் தடுமாறுகிறேன். இரண்டு விதமாகவும் அச்சடித்துக் காட்டி, வேண்டியதை எடுக்கச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த வழி.

கமெராவின் உயரமும் ஒரு பேச்சுத்தான். கதிரையில் இருக்கும் கிழவியை நின்றபடி எடுத்தால் பைப் படத்தின் கோணம் வந்துவிடும். நாமும் குந்தவேண்டும். தொலைபேசியின் அகல வில்லையோடு முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு பெருக்கும், காது ஒதுங்கும். நாலு எட்டுப் பின்னால் வந்து இருமடங்கு பெருப்பித்து எடுக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து நீள வில்லையால் எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஊரில் அதற்குக் களவு என்று பெயர்.

சடங்கு நேரத்தை இந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். தெய்வம் ஏறி ஆடும் ஒருவர் அப்போது அவராக இல்லை என்பதுதான் அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அவராக இல்லாதவரிடம் சம்மதம் எப்படி வாங்குவது? கப்புறாளை தலையாட்டினாலும் போதாது. ஆடியவர் தெளிந்த பிறகு படத்தைக் காட்டிக் கேட்கவேண்டும், "ஒண்ணா" என்று மறுத்தால் அவர் கண் முன்னாலேயே அழிக்கவேண்டும். மண்டூரில் தில்லை மரத்தடியில் வேல் வைத்து வணங்கியவர் வேடர், கொக்கட்டிச்சோலையில் கொக்கட்டி மரத்தை வெட்டப் போய் இரத்தம் கண்டவர் வேடர் என்று எங்கள் பெரிய கோயில்களின் தலக்கதை எல்லாம் வேடரில் தொடங்கும். திருவேட்டைக்கு வில்லும் அம்பும் எடுப்போம். வள்ளியம்மையை வேடர் மகள் என்று பாடுவோம். கதையில் இவ்வளவு இடம் கொடுத்த நாம், கதிரவெளி வேடர் பிள்ளையை வகுப்பில் எங்கே இருத்தினோம் என்பதைத் தனியாகத்தான் பேசவேண்டும்.

எல்லாவற்றையும் விடப் படத்துக்குக் கீழே எழுதும் வரிதான் ஆபத்தானது. "வேடுவப் பெண், வாகரை" என்று எழுதினால் அது அஞ்சலட்டை. பெயர், ஊர், என்ன வேலை என்று எழுதினால் அது ஆள். வேடர் என்ற சொல்லைப் போடுவதா விடுவதா என்பது அவரைக் கேட்டே முடிவாக வேண்டும், அவர் பிள்ளைகளையும் கேட்பது நல்லது. தகப்பன் பெருமையாகச் சொல்லும் சொல்லுக்கு மகள் கலியாணச் சந்தையில் விலை கொடுக்க நேரிடலாம். தகப்பன் ஒளித்த சொல்லை மகன் சங்கம் வைத்து உரத்துச் சொல்வதும் இப்போது நடக்கிறது. 2007 இல் ஐக்கிய நாடுகள் சபை தொல்குடிகள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்தே வாக்களித்தது. தன்னை யார் என்று தானே சொல்லும் உரிமையும், தன் பண்பாட்டுச் சொத்தைத் தானே ஆளும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்கு, அதுவும் அவர் இறந்து 70 ஆண்டு வரை. நின்றவருக்கு அந்தச் சட்டம் எதையும் தந்துவிடாது. ஆகவே ஒரு கடதாசியில், தமிழில், இந்தப் படம் எங்கே போகும், எங்கே போகாது, காசு வந்தால் யாருக்கு என்று எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்வது நல்லது. எழுத வாசிக்கத் தெரியாதவருக்குப் பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

அச்சடித்த பிரதி கட்டாயம். தொலைபேசியில் அனுப்பிய படம் தொலைபேசியோடு தண்ணீரில் போகும். கடற்காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் சாதாரண அச்சு இரண்டு வருடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிச் சட்டத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லவேண்டும். சிறு பிரதி ஒன்று சாமான் பெட்டிக்குள் வைக்க. படத்தோடு பெயரும் திகதியும் பின்பக்கத்தில் பென்சிலால்.

இவ்வளவும் ஆயத்தமாக, நல்ல காலை வெளிச்சத்தில், விறாந்தையில் கதிரை போட்டு, "அம்மாச்சி, ஒரு படம் எடுப்பமா?" என்று கேட்கிறீர்கள். அவர் ஒரு பழைய சட்டையும் நிறம் போன சீத்தையுமாக, கையில் இறால் கூடையோடு நிற்கிறார். கூடைக்குள் இறால் இன்னும் துடிக்கிறது, முடியில் உப்புத் தண்ணீர், பின்னால் களப்பு. கமெராக்காரனுக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் படம். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்:

"நில்லு மகன், உடுப்பு மாத்திட்டு வாறன்."

உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. பேத்தியைக் கூப்பிட்டு எண்ணெய் வைத்துத் தலை இழுக்கச் சொல்கிறார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கதிரையைக் கொஞ்சம் உள்ளே நிழலுக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, முற்றத்தில் குந்திக் காத்திருக்க வேண்டியதுதான்.